இரண்டு கந்தோரும் ஒரு வாளித் தண்ணீரும்

எங்கள் வாவிக்கு நடுவே ஒரு கோடு ஓடியது. அதை நான் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அந்தக் கோட்டுக்கு மேற்கே கிடந்த தண்ணீரைக் கவனிக்க எனக்கு மாதாமாதம் சம்பளம் தந்தார்கள். கோட்டுக்குக் கிழக்கே கிடந்த தண்ணீரைக் கவனிக்க வேறொரு அரசாங்கக் கந்தோர், வேறொரு துரை, வேறொரு ஆள். வரைபடத்தில் அந்தக் கோடு சிவப்பு மையில் வெகு நேராக இருந்தது. வாவியில் அதற்கு அடையாளமாக ஒரு மரக்குற்றியை நட்டிருந்தார்கள். அதன் மேல் எந்நேரமும் ஒரு நீர்க்காகம் செட்டையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கும்.

கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கிருலப்பனைப் பக்கமாக நடந்தால் அரை மணித்தியாலத்தில் அங்கே போய்விடலாம். வாவி என்பது மரியாதைக்குச் சொல்வது. மழைகாலத்தில் வாவி, வெயில் காலத்தில் சதுப்பு. அதைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு நிர்வாகங்களும் அண்ணன் தம்பி பங்குக் கிணற்றை வைத்திருப்பது போலத்தான் அதை வைத்திருந்தன. அள்ளுவதற்கு இருவருக்கும் உரிமை உண்டு. சேறு வாருவது எப்போதும் மற்றவருடைய கடமை.

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று, அரசாங்க உத்தியோகத்தை மெச்சி, யாழ்ப்பாணத்தில் எங்கள் ஆட்கள் சொல்வார்கள். எனக்குக் கோழி கிடைக்கவில்லை. கொக்கு கிடைத்தது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை காலையும் வாவிக்குப் போய், தண்ணீரின் சூடு, நிறம், மணம் மூன்றையும் குறிக்க வேண்டும். ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது எத்தனை அடியில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்க்க வேண்டும். செத்த மீன், உயிருள்ள பறவை இரண்டையும் எண்ண வேண்டும். கடைசியாக ஒரு போத்தல் தண்ணீரை அள்ளி, அரக்கு வைத்து, இரசாயனப் பரிசோதகருக்கு அனுப்ப வேண்டும். இத்தனையும் செய்வதற்கு எனக்கு ஒரு தொப்பியும் தந்திருந்தார்கள்.

பறவைக் கணக்கைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். மேற்குப் பாதியில் நிற்கும் கொக்கை நான் எண்ணுவேன். நான் எண்ணி முடித்ததும் அது பறந்து கிழக்குப் பாதிக்குப் போய் இறங்கும். அங்கே நிற்பவர் அதை எண்ணுவார். அந்த வாவியின் கொக்குகள் இரண்டு கந்தோரின் பதிவிலும் இருந்தன. எங்களில் எவருக்கும் அப்படி இரண்டு இடத்தில் பதிவு கிடைக்காது என்று பொறாமையாகக்கூட இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இரண்டு கந்தோருக்கும் பெரும் சண்டை. மேற்கே அள்ளிய தண்ணீரின் கணக்கு ஒன்று சொல்லும், கிழக்கே அள்ளியது வேறு சொல்லும். இதைத் தீர்ப்பதற்காக ஒரு கூட்டுக் குழுவை அமைத்தார்கள். அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும். ஒருமுறை எங்கள் கந்தோரில், மறுமுறை அவர்களுடைய கந்தோரில். கட்லட் எந்தக் கந்தோரில் ருசி என்பதைத் தவிர வேறொன்றிலும் அந்தக் குழுவில் ஒற்றுமை இருந்ததில்லை. கூட்டம் முடிந்ததும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே கடிதம் வரும்: உமது எண் மற்றவரது எண்ணோடு ஏன் ஒத்துப்போகவில்லை என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் தருக. தண்ணீர் ஏன் அழுக்காக இருக்கிறது என்று ஒருவரும் விளக்கம் கேட்டதில்லை.

கிழக்குப் பக்கத்து ஆள் கொட்டாஞ்சேனைக்காரர். கத்தோலிக்க வேதக்காரர். என்னைவிட இருபது வயது மூத்தவர். நான்கு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன். பஸ்ஸில் வந்து இறங்கி, சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வருவார். என்னைத் தம்பி என்பார், நான் அவரை அண்ணை என்பேன். எங்கள் கந்தோர்கள் இரண்டும் ஒன்றோடொன்று கடிதத்தில் மட்டும் பேசின. நாங்கள் இருவரும் வாவியின் தெற்குக் கோடியில் இருந்த ஒரு சோனக முஸ்லிமின் தேத்தண்ணிக் கடையில் பேசினோம். கடைக்கார நானா எங்களைக் கண்டதும் கேட்காமலே இரண்டு கோப்பை ஊற்றுவார்.

அந்தக் கடைக்குப் பத்தடி தள்ளித்தான் ஒரு சிறு ஓடை வந்து வாவியில் விழுந்தது. வாவி முழுவதிலும் நல்ல தண்ணீர் அந்த இடத்தில்தான். நானா தேத்தண்ணிக்கு அங்கேதான் அள்ளுவார். ஒரு மழைநாளில், எங்கள் இரண்டு பேருடைய விளக்கக் கடிதங்களும் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டிருந்த வேளையில், அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார்.

"தம்பி, தண்ணி ஒண்டுதானே. நாங்க ரெண்டு பேரும் ஏன் ரெண்டு தரம் நனைய வேணும்?"

இதைவிடத் தெளிவான அறிவை நான் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை. நானாவிடம் வாளியை இரவல் வாங்கினோம். ஒரு வாளி அள்ளினோம். பாதி என் போத்தலில், பாதி அவர் போத்தலில். அவர் தன்னுடைய அரக்கை வைத்தார், நான் என்னுடைய அரக்கை வைத்தேன். கோட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஆட்கள் நனையாமல் வீடு போய்ச் சேர்ந்தோம்.

அடுத்த கூட்டத்தில் இரண்டு கந்தோரின் எண்களும் ஒத்துப்போயின. விளக்கக் கடிதம் வரவில்லை. அதற்கடுத்த கூட்டத்துக்குப் பிறகும் வரவில்லை. அனுபவசாலியான அண்ணை, அச்சொட்டாக ஒத்துப்போனால் சந்தேகம் வரும் என்று சொன்னார். அதனால் சூட்டில் மட்டும் அரைப் பாகை வித்தியாசம் வைத்தோம். ஒரு கிழமை அவர் கூட்டுவார், மறு கிழமை நான் கூட்டுவேன். இந்த முறையில் நாங்கள் ஒருநாளும் ஒருவரையொருவர் ஏமாற்றியதில்லை.

இரண்டு வருடம் இப்படிப் போனது. கூட்டுக் குழுவில் இப்போது சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டு நிர்வாகங்கள் ஒரு வாவியை எப்படி ஒற்றுமையாகக் கண்காணிக்கலாம் என்பதற்கு இதை மற்ற நாடுகளுக்கும் முன்மாதிரியாகக் காட்டலாம் என்று எங்கள் துரை சொன்னார். எங்கள் இருவரையும் எழுந்து நிற்கச் சொன்னார். நாங்கள் எழுந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். அது அடக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

இனி ஒரு டோபி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் மேற்குக் கரையில், வடக்குக் கோடியில், நாங்கள் தேத்தண்ணி குடிக்கும் இடத்துக்கு நேர் எதிர்முனையில் இருந்தாள். மாமனார் இந்தியாவிலிருந்து வந்து போட்ட நான்கு கற்களில் அவள் துவைத்தாள். புருஷன் கரிப்பெட்டியால் ஸ்திரி போடுவான். வெள்ளவத்தையில் பதினாறு வீடுகள் அவளுடைய வாடிக்கை. எங்கள் துரையின் பங்களாவும் அதில் ஒன்று. நானும் வேறு ஐந்து கிளாக்கர்மாரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, ஒரு சமையற்காரனை வைத்துக் குடியிருந்த வீடும் ஒன்று. அப்படியான வீட்டைச் சம்மரி என்போம். ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி வைத்திருப்பாள். எங்களுடையது மூன்று புள்ளி. எழுத வாசிக்கத் தெரியாதவள், பதினாறு வீட்டில் ஒரு கைக்குட்டையைக்கூட மாற்றிக் கொடுத்ததில்லை. நாங்கள் படித்தவர்கள், இரண்டு போத்தலில் தண்ணீரை மாற்றாமல் வைத்திருக்க எங்களால் முடியவில்லை.

இந்த இரண்டு வருடமும் உலகச் சண்டைக்காலம். கிழக்குக் கரையின் வடக்குக் கோடியில், அவளுடைய கற்களுக்கு எதிரே, ஒப்பந்தம் எடுத்த ஒரு கொந்தராத்துக்காரர் தகரக் கொட்டில் போட்டுப் பட்டாளத்துக்குக் காக்கித் துணி சாயம் தோய்க்கத் தொடங்கினார். கொட்டிலுக்குப் பின்னால் ஒரு குழாய் வாவிக்குள் இறங்கியது. அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் சண்டைக்கு உதவி செய்கிற குழாய் அது. அதைப் பற்றிக் கதைத்தால் ஜப்பான்காரனுக்குக் கைகொடுத்த மாதிரி. மேலும் அது கிழக்குப் பாதியில் இருந்தது. நான் மேற்குப் பாதியின் ஆள்.

எங்கள் துணிகள் மெல்ல மெல்ல நிறம் மாறின. முதலில் கொலர். பிறகு கையோரம். பிறகு முழுச் சேட்டும் ஒரு வெளிறிய காக்கி. சம்மரியில் ஆறு பேரும் படையில் சேராமலே பட்டாளத்துக்காரர் ஆகிவிட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மூட்டையோடு வந்தபோது நான் ஒரு சேட்டை எடுத்து உதறிப் பிடித்து, இது என்னுடைய சேட்டா, பொலிஸ்காரன்ரை சேட்டா என்று கேட்டேன். மற்ற ஐவரும் சிரித்தார்கள். எனக்கும் என் பகிடியை நினைத்துப் பெருமையாக இருந்தது.

"தண்ணி கெட்டுப்போச்சுங்க ஐயா" என்றாள். "எங்க வீட்டுக்காரரு மூட்ட நனைக்க எறங்குறாரு, காலெல்லாம் சொறி. முந்தி இப்பிடி இல்லீங்க."

"தண்ணியிலை ஒரு பிழையும் இல்லை. கிழமைக்குக் கிழமை நான்தான் எழுதிறனான். நிறம் இல்லை, மணம் இல்லை. நீ சவுக்காரத்தைக் குறைச்சுப்போட்டுத் தண்ணியிலை பழியைப் போடாதை."

என் தாயின் வயது இருக்கும் அவளுக்கு. நீ என்றுதான் பேசினேன். அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அதே கிழமையில் பாண் கொண்டுவருகிறவனை மரியாதையாக நீர் என்று பேசியது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனாள். செவ்வாய்க்கிழமை நான் அந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போனேன். வாராந்தப் படிவத்தை எடுத்து, நிறம் என்ற இடத்துக்கு எதிரே இல்லை என்று எழுதினேன். எழுதுகிற கையின் காக்கிக் கையோரம் வெள்ளைக் கடுதாசியில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. எனக்கு அதில் ஒரு விசித்திரமும் தெரியவில்லை.

வீடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அவள் துணியை இரண்டு தரம் அவித்தாள், தேசிக்காய் பிழிந்தாள், நீலத்தைக் கூட்டிப் போட்டாள். வெள்ளை காக்கியாகி, காக்கி பச்சையானது. முதலில் விட்டது துரையின் பங்களா. அவருடைய வெள்ளை ட்ரில் சூட் விருந்துக்குப் போகிற நிறத்தில் இல்லையாம். துரை விட்டதும் மற்றவர்களுக்கும் கண் தெரிந்தது. தெமட்டகொடையில் புது லோண்டரி ஒன்று திறந்திருக்கிறது, பெயர்ப்பலகை எல்லாம் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லி ஒவ்வொரு வீடாகப் போனார்கள். சம்மரியில் மற்ற ஐவரும் போனார்கள். நான் போகவில்லை. இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள், சோம்பல். கடைசியில் அவளிடம் மூன்று வாடிக்கை மிஞ்சியது.

துணி போனதைவிட அவளைக் கொதிக்க வைத்தது வேறு. அவளுக்கு வெளுக்கத் தெரியவில்லை என்று வீட்டுக்கு வீடு சொன்னார்கள். கண் மங்கிவிட்டது, கை விழுந்துவிட்டது, புருஷன் சவுக்காரத்தை விற்றுக் குடிக்கிறான் என்று ஆளுக்கொரு காரணம். அவன் குடிக்கிறவனே இல்லை. நீதிமன்ற வாசலில் மரத்தடியில் இருந்து பெட்டிசம் எழுதுகிற ஒருவரிடம் போனாள். வாவிக்கு இரண்டு எசமான் என்பதால் இரண்டு பெட்டிசம் எழுதுவித்தாள். மேற்குக் கந்தோர், குழாய் கிழக்கே இருப்பதால் கிழக்குக்கு அனுப்பியது. கிழக்குக் கந்தோர், துவைக்கும் கல் மேற்கே இருப்பதால் மேற்குக்கு அனுப்பியது. மூன்று மாதத்துக்குப் பிறகு இரண்டும் களைத்துப்போய்க் கூட்டுக் குழுவின் மேசையில் வந்து சேர்ந்தன.

அன்றைய கூட்டம் எங்கள் கந்தோரில். அவளை வரச் சொல்லியிருந்தார்கள், இருக்கச் சொல்லவில்லை. கதவோரம் நின்றாள். கூட்டம் இங்கிலீசில் நடந்தது. அவளுக்குத் தமிழ்தான் தெரியும். வாவியையும் அறிந்தவன், இரண்டு பாஷையையும் அறிந்தவன் என்று என்னையே மொழிபெயர்ப்பாளனாக வைத்தார்கள். அன்றைக்குக் கந்தோரில் எனக்கு இருந்த மதிப்பை என் அம்மா கண்டிருந்தால் கோயிலுக்குப் பொங்கல் வைத்திருப்பாள்.

அவள் ஒரு தலையணை உறையைக் கொண்டுவந்திருந்தாள். பாதியைத் தெருப் பைப்புத் தண்ணீரிலும் பாதியை வாவித் தண்ணீரிலும் துவைத்திருந்தாள். பாதி வெள்ளை, பாதி காக்கி. நடுவே நேரான ஒரு கோடு. வரைபடத்துக்கு வெளியே ஒரு கோட்டை நான் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். அதை மேசையில் விரித்தாள். துரை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு, துணி ஓர் அளவுகருவி அல்ல என்று சொல்லி அதை மடிக்கச் சொன்னார்.

என்னைக் கணக்கை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். அண்ணையை வாசிக்கச் சொன்னார்கள். அவரும் வாசித்தார். சூட்டில் மட்டும் அரைப் பாகை வித்தியாசம். துரை விரல்களைக் கோத்துக்கொண்டு சொன்னார்: இரண்டு கந்தோர், இரண்டு ஆட்கள், இரண்டு தனித்தனி அளவுகள். ஒன்று பிழைக்கலாம். இரண்டும் சேர்ந்து எப்படிப் பிழைக்கும்? எல்லாரும் தலையாட்டினார்கள். எங்கள் ஒற்றுமை அவள் கழுத்தில் கல்லாகக் கட்டப்படுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"எந்த எடத்துல அள்ளுனாங்கன்னு கேளுங்க ஐயா."

இரண்டு வருடத்தில், இத்தனை கூட்டத்தில், இத்தனை கட்லட்டுக்குப் பிறகு, அந்தக் கேள்வியை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தரம். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் நான் அதை இங்கிலீசில் சபைக்குச் சொன்னேன். நீரே பதில் சொல்லும் என்றார் துரை. வழக்கமான இடத்தில் என்று இங்கிலீசில் பதில் சொன்னேன். பிறகு அந்தப் பதிலைத் தமிழாக்கி அவளுக்குச் சொன்னேன். கேள்வி கேட்டவனும் நான், சாட்சியும் நான், துபாஷியும் நான். அண்ணை தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வழக்கமான எடம்னா எது?" என்று அவள் கேட்டாள்.

என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டார்.

ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு கூட்டம் சுருக்கமாக முடிந்தது. தண்ணீர் நல்லது என்று இரண்டு அளவும் சொல்கின்றன. ஆனாலும் முறைப்பாடு வந்திருக்கிறது, ஏதாவது செய்ய வேண்டும். வாவியில் வேண்டாத பொருள் என்று கண்ணுக்குத் தெரிவது சவுக்கார நுரை. அது அவளுடைய கற்களிலிருந்து வருகிறது. கற்கள் மேற்குப் பாதியில் இருப்பதால் கட்டளையிட எங்கள் கந்தோருக்கு அதிகாரம் உண்டு. பதினான்கு நாளில் கற்களை அகற்ற வேண்டும் என்று தீர்மானித்தார்கள். கிழக்குப் பக்கத்தவர் அதை மனமார ஆதரித்தார்கள். அதையும் நான்தான் அவளுக்குத் தமிழில் சொன்னேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் தேத்தண்ணிக் கடையில் நிற்கவில்லை. கரையோரமாக வடக்கே நடந்து, அவளுடைய கற்களுக்குப் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். இரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் என் காற்சட்டை நனைந்தது. வெள்ளைத் தட்டு ஒரு சாண் இறங்கியதும் மறைந்துபோனது. புகையிலை ஊறிய மாதிரி ஒரு நாற்றம். செத்த மீன்களை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். படிவத்தில் நிறம் என்பதற்கு எதிரே காக்கி என்று எழுதி, போத்தலை அடைத்து, அரக்கு வைத்து அனுப்பினேன். அன்று அண்ணை வழமைபோல நானாவின் வாளியில் அள்ளி அனுப்பியிருந்தார்.

ஒரு பெட்டிசத்துக்கு மூன்று மாதம் எடுத்த கந்தோர், எனக்கு மூன்று நாளில் கடிதம் எழுதியது. இரண்டு வருட ஒத்துழைப்புக்குக் குந்தகமாக உமது எண் மட்டும் ஏன் வேறுபடுகிறது என்று விளக்குக.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம் பார்த்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அண்ணை என்னை உள்ளே இருத்தி, கேக் தந்தார். பிள்ளைகள் நால்வரும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த கிழமை நீங்களும் அங்கே வந்து அள்ளுங்கள், இரண்டு எண்ணும் ஒன்றாக வந்தால் மறுக்க மாட்டார்கள் என்று கெஞ்சினேன்.

"நீர் சொல்லுறது சரி தம்பி" என்றார். "ஆனா இப்ப அங்க அள்ளினா, இவ்வளவு காலமும் எங்க அள்ளினீங்க எண்டு கேப்பாங்க. எனக்கு பென்ஷனுக்கு இன்னும் நாலு வருஷம். இந்த நாலு பிள்ளைகளையும் பாத்தீர்தானே."

பார்த்தேன். அவர் பொல்லாத மனிதர் இல்லை. எனக்குக் காட்டப் பிள்ளைகளும் இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதே என்ன எழுதப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உண்மையை எழுதினால் இரண்டு வருடப் பொய்யையும் எழுத வேண்டும். போத்தலைச் சரியாகக் கழுவாமல் பாவித்ததால் நேர்ந்த தவறு என்று எழுதிக் கொடுத்தேன். விளக்கம் ஏற்கப்பட்டது. இனிமேல் போத்தலைக் கவனமாகக் கழுவும்படி புத்தி சொல்லி ஒரு கடிதமும் வந்தது.

பதினான்காம் நாள் கூலிக்காரர் நால்வர் கற்களைப் பெயர்க்க அலவாங்கோடு வந்தார்கள். மேற்பார்வை செய்ய என்னை அனுப்பியிருந்தார்கள். அவளுடைய புருஷன் சாமான்களை ஒரு கைவண்டியில் கட்டிக்கொண்டிருந்தான். கற்கள் புரளுகிற சத்தம் கேட்டும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் என்னைக் கண்டதும் உள்ளே போய் என் துணி மூட்டையைக் கொண்டுவந்து தந்தாள். எல்லாம் பளிச்சென்ற வெள்ளை. எங்கேயோ ஒரு கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வெளுத்திருக்கிறாள்.

எனக்கு வெட்கம் தாங்கவில்லை. கூலிக்காரருக்குக் கேட்காத தூரத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். நானாவின் வாளி, அரைப் பாகை, வழக்கமான இடம், கழுவாத போத்தல், எல்லாம். அவள் என்னை ஏச வேண்டும் என்று விரும்பினேன். நன்றாக ஏசியிருந்தால் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு ஆறுதலாக வீடு போயிருப்பேன்.

"அப்ப தண்ணிதான் கெட்டதுன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"ஓம்."

அவள் முகத்தில் கோபம் தெரியவில்லை. கிட்டத்தட்டச் சந்தோசம் போல ஒன்று தெரிந்தது. அது எனக்கு அடியைவிட மோசமாக இருந்தது.

"கல்லு போனாப் போகுதுங்க ஐயா. கொலன்னாவைல எங்க தம்பி இருக்கு, பொழச்சிக்குவோம். ஆனா அந்தப் பதினாறு வீட்டுலயும் எனக்கு வெளுக்கத் தெரியலன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க. நீங்க ஒருக்காப் போயி, அது தண்ணியோட பிழை, அவ பிழை இல்லன்னு மட்டும் சொல்லிருங்க."

"ஓம், சொல்லுறன்" என்றேன்.

கைவண்டி போனது. அடுத்த கூட்டத்தில், கற்கள் அகற்றப்பட்டபின் தண்ணீர் தொடர்ந்து நல்ல நிலையில் இருப்பதாக இரண்டு கந்தோரின் எண்களும் ஒருமனதாகக் கூறின. எனக்குச் சம்பளப் படி ஒன்று ஏறியது. துரையின் பங்களா வாசலில் இரண்டு தரம் போய் நின்று, கேற்றில் கைவைத்துவிட்டுத் திரும்பினேன். நாய் குரைத்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தண்ணீர் நல்லது என்று கையெழுத்துப் போட்டவன் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் கெட்டது என்று எப்படிச் சொல்வது? கொஞ்சம் பொறுத்துச் சொல்லலாம், சண்டை முடியட்டும், துரை மாறிப் போகட்டும் என்று நாளைக் கடத்தினேன். சண்டை முடிந்தது. துரை மாறிப் போனார். அதற்குப் பிறகு துரைமார் எல்லாருமே கப்பல் ஏறிப் போனார்கள்.

பதினாறு வீடுகள். எல்லாம் நடந்து போகிற தூரம். ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம். அதில் ஒன்று நான் படுத்தெழும்பிய சம்மரி. இரவுச் சாப்பாட்டு மேசையில், அந்த மனுசிக்கு வெளுக்கத் தெரியாது என்று மற்ற ஐவரும் என் முன்னால் கதைத்த நாட்கள் பல. அங்கேகூட நான் வாய் திறக்கவில்லை.